கல்லுக்கு இந்தப் பக்கம்

யாரும் அவளைத் தள்ளவில்லை. நாளைக்கு எவராவது விசாரித்தால் அப்படித்தான் சொல்ல வேண்டியிருக்கும், தள்ளவில்லை, தொடக்கூட இல்லை, பெண்கள் கூட்டமாக நின்றார்கள், நின்ற இடத்திலிருந்து ஒவ்வொருத்தியும் ஓரடி முன்னால் வைத்தாள், வைஜெயந்தி ஓரடி பின்னால் வைத்தாள், அப்படியே பின்னால் பின்னால் போய் ஒரு வாசல்படி குதிகாலில் இடறியது, அதற்குள் வீட்டுக்குள் வந்துவிட்டாள், கதவைச் சாத்திவிட்டார்கள். வெளியே கொண்டி விழுந்த சத்தம் கேட்டது. ஜீப் சாவி அந்த ஷைனியிடம் இருக்கிறது, மஞ்சள் நைட்டி போட்டு மேலே துண்டு போர்த்தியிருந்தவள், டிரைவர் ஞானசிகாமணியின் சட்டைப்பைக்குள் தன் மகன் பைக்குள் கைவிடுகிற மாதிரி கைவிட்டு எடுத்தாளே, அவளிடம். கைபேசி ஜீப்பின் முன்சீட்டில் கிடக்கிறது. இருந்தாலும்தான் யாரைக் கூப்பிடுவது, என்னை ஒரு வீட்டுக்குள் உட்கார வைத்திருக்கிறார்கள் என்று எப்படிச் சொல்வது, சிரிப்பார்கள். எல்லாம் ஒரு வார்த்தையால் வந்தது. அருளப்பர்துறையில் கடலரிப்பைத் தடுக்கப் போட்ட கல்சுவரும் தூண்டில் வளைவுகளும் சரியாக வேலை செய்கின்றனவா என்று பார்த்துச் சொல்ல அரசு அவளை அனுப்பியிருந்தது. காலையிலிருந்து தெற்கே கோவில் பக்கத்தில் ஆரம்பித்து, கடலுக்குள் கொக்கி போல நீட்டிப் போட்டிருந்த கற்குவியல்கள் மேல் ஏறி இறங்கி, வெயிலில் மண்டை காய்ந்து, ஊரின் வடக்குக் கோடியில் இந்தத் தெருவுக்கு வந்து சேர்ந்தபோது இவர்கள் வழியை மறித்துக்கொண்டு, சுவரு எப்படி இருக்கு என்று கேட்டார்கள். திருப்திகரமா இருக்கு என்றாள். அவ்வளவுதான். யோசித்துச் சொன்ன வார்த்தைகூட இல்லை அது, இருபது வருஷமாக நாக்கில் ஊறிக் கிடக்கிற வார்த்தை, கூப்பிட்டதும் முதலில் ஓடிவருவது. ஷைனி அதைத் திரும்பச் சொல்லிப் பார்த்தாள், திருப்திகரம், திருப்திகரம், புதுப் பலகாரத்தைக் கடித்துப் பார்க்கிற மாதிரி. அப்புறம், "கடலு ஏறுத நேரம் இதுதான் மேடம். அமலோற்பவத்தம்மா வீட்டுல போயி செத்த நேரம் இரிங்க. திருப்தியா இரிங்க" என்றாள்.

உள்ளே இருட்டு பழகுவதற்குள் சத்தம் பழகிவிட்டது, அல்லது பழகவில்லை, பழகிவிட்டது என்று அவள் நினைத்த ஒவ்வொரு தடவையும் அடுத்தது வந்து மோதியது. முதலில் வெகுதூரத்தில் யாரோ லாரியிலிருந்து மணல் கொட்டுவதுபோல ஒரு இரைச்சல், பிறகு ஒரு சின்ன மௌனம், அந்த மௌனம்தான் தாங்க முடியாதது, பிறகு தொம்மென்று தரைக்கு அடியிலிருந்து ஒரு குத்து, உட்கார்ந்திருந்த பிளாஸ்டிக் நாற்காலியின் கால் வழியாக ஏறி அவள் பல்லுக்கு வந்தது. நாற்காலியை யார் போட்டது என்று அவளுக்கு நினைவில்லை. எதிரே ஒரு கட்டில், அதில் காலைத் தொங்கப்போட்டு ஒரு அம்மாள். அறுபது வயசிருக்கும், கனத்த உடம்பு, வெள்ளைச் சட்டை, முண்டு, கழுத்தில் ஜெபமாலை, மடியில் கை. இதுதான் அமலோற்பவம். வெளியே நடந்த கூச்சலில் அவள் குரல் கேட்டதாகவே தெரியவில்லை. தன் வீட்டைத் தருகிறாயா என்றுகூட அவளிடம் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். வீடு என்றால் இந்த ஓர் அறை. பின்பக்கம் அடுக்களை இருந்த இடத்தில் இப்போது ஒரு தகரத்தை நிறுத்தி மணல் மூட்டைகளை அடுக்கி முட்டுக் கொடுத்திருந்தது, தகரத்தின் ஆணி ஓட்டைகள் வழியாக வெளிச்சம் ஊசி ஊசியாக உள்ளே வந்தது, ஒவ்வொரு குத்துக்கும் அந்த ஊசிகள் ஆடின. தகரத்துக்கு அந்தப் பக்கம் ஓர் ஆள் படுக்கிற அகலத்துக்கு மண், அப்புறம் கல்சுவர், அப்புறம் கடல். சற்று முன்புதான் அந்தச் சுவரின் மேல் நின்று பார்த்தாள். சரிந்த கல் ஒன்றுகூட இல்லை. நல்ல சுவர். எந்தக் கல் எங்கே இருக்க வேண்டுமோ அங்கே இருந்தது. பொய் ஒன்றும் சொல்லவில்லையே நான், பொய் ஒன்றும் சொல்லவில்லை.

இவர்களைப் பிடிக்கவில்லை, இந்த ஊரைப் பிடிக்கவில்லை என்று நினைத்தாள், நினைத்ததும் கொஞ்சம் தெம்பு வந்தது. காலையிலிருந்தே பிடிக்கவில்லை. வலை பின்னுகிறவர்கள் அவள் வந்ததும் பேச்சை நிறுத்திய விதம், தண்ணீர் கேட்டபோது டீக்கடைக்காரன் தம்ளரை வைத்த வேகம், எத்தனை பேர் வந்து பார்த்துட்டுப் போயாச்சு என்று காதில் விழும்படி சொன்ன அந்தக் கிழவன். நான் என்ன உங்கள் மணலைத் திருடிக்கொண்டு போனேனா. அலுவலகத்தில் சொல்வார்களே, கடலுக்கு வாசலிலேயே வீட்டைக் கட்டிக்கொண்டு கடல் உள்ளே வருகிறது என்று அழுகிற ஜனம் என்று, சொன்னவன் யார், சாப்பாட்டு வேளையில் டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டே சொன்னான், எல்லோரும் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள், நன்றாகத்தான் சிரித்தாள். இப்போது அந்தச் சிரிப்பை ஞாபகப்படுத்தி அதைப் பிடித்துக்கொள்ளப் பார்த்தாள். ஆனால் கடலுக்கு வாசலில் யாரும் வீட்டைக் கட்டவில்லை, அது அவளுக்குத் தெரியும், பழைய படங்களைப் பார்த்திருக்கிறாள், இந்தத் தெருவுக்கும் அலைக்கும் நடுவே வள்ளங்களை வரிசையாக ஏற்றி வைத்து, அதற்கப்புறம் பிள்ளைகள் பந்து விளையாடி, அதற்கப்புறமும் மணல் மிச்சம் இருந்தது. தெற்கே தூண்டில் வளைவு போட்டார்கள், கடலோடு வந்துகொண்டிருந்த மணல் அங்கேயே தங்கிவிட்டது, கோவில் முன்னால் கரை அகன்றது, அங்கே திருவிழாப் பந்தல் போடுகிறார்கள். இங்கே வரவேண்டிய மணல் வரவில்லை. வராததும் கடல் இருந்ததை எடுத்துக்கொண்டது. எடுக்காமல் இருக்கச் சுவர் கட்டினார்கள். சுவரில் மோதின அலை திரும்பிப் போகும்போது சுவரின் காலடியில் இருந்த மிச்ச மணலையும் சுரண்டிக்கொண்டு போனது. எல்லாம் பாடப்புத்தகத்தில் இருக்கிறது, இரண்டாம் வருஷம் படித்தது. தொம். தொம் என்று வந்தபோது தகரத்தின் ஒரு மூலை மடங்கிக் கொஞ்சம் தண்ணீர் தெறித்து மணல் மூட்டையில் விழுந்தது, ஒரு கை அள்ளு, அவ்வளவுதான். அந்த அம்மாள் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"பயமா இருக்கா மேடம்?"

"இல்லை."

"இருக்கணும். எனக்கு இருக்கு."

அவள் குரலில் கோபம் இல்லை, அதுதான் வைஜெயந்திக்கு எரிச்சலாக இருந்தது, கோபப்பட்டால் பதிலுக்குக் கோபப்படலாம், சட்டம் பேசலாம், அரசு ஊழியரைப் பணி செய்ய விடாமல் தடுப்பது என்ன குற்றம் தெரியுமா என்று கேட்கலாம். அந்த வாக்கியத்தை வெளியே சொல்லாமல் மனசுக்குள்ளேயே முழுவதும் சொல்லிப் பார்த்தாள். அப்படிச் சொன்ன ஒருத்தனின் முகம் வந்தது. அந்த டிசம்பரில் சென்னையில் அவள் வீட்டுக்குள் வெள்ளம் புகுந்தபோது, மாமனார் கட்டிலோடு கட்டிலாகக் கிடந்தார், கட்டில் காலுக்கு அடியில் செங்கல் வைத்து, செங்கல் மேல் செங்கல் வைத்து, அவர் முகம் மின்விசிறிக்குப் பக்கத்தில் போய்விடும்போல இருந்தது, கண்ணை மட்டும் உருட்டிக்கொண்டு தண்ணீரைப் பார்த்தார், பேச்சு போய் ரொம்ப நாளாகியிருந்தது. உதவி கேட்டுக் கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போய், தண்ணீர் தானாகவே வடிய ஆரம்பித்த பிறகு ஒரு படகில் ஒரு அதிகாரி வந்தான். ரெயின்கோட் போட்டிருந்தான். எல்லாம் கட்டுப்பாட்டுக்குள் இருக்கு என்றான். அவள் வாளியில் அந்தச் சாக்கடைத் தண்ணீரை மொண்டு அவன் முகத்தில் ஊற்றினாள். அவன் கண்ணை மூடிக்கொண்டு, வழிவதைத் துடைக்காமல், பணி செய்ய விடாமல் தடுத்தால், என்று ஆரம்பித்தான், முடிக்கவில்லை, இன்னொரு வாளி ஊற்றினாள். எவ்வளவு இனிமையாக இருந்தது அது. அன்று ராத்திரி ஈரப் பாயில் எப்படித் தூங்கினாள். அதற்காக அவள் வருத்தப்பட்டதே இல்லை, இப்போதும் இல்லை, அந்த ஆளுக்கு வேண்டும். ஆனால் அந்த முகம் கண்ணை மூடிக்கொண்டு நின்றதே, கன்றுக்குட்டி மாதிரி, அவன் என்ன செய்திருக்க முடியும், அவன் கையில் ஏரியின் மதகா இருந்தது, சும்மா இரு, அவனுக்கு வேண்டும். மாமனார் அந்த மாதமே போய்விட்டார். கண் திறந்தபடியே. கண்ணை மூடிவிட்டது யார், நானா அவரா, அவர் என்றால் என் கணவர், இப்போது அலுவலகத்தில் குளிர்பதன அறையில் உட்கார்ந்து என்னை நினைத்துக்கொண்டிருக்க மாட்டார்.

வெளியே பெண்கள் பேசிக்கொள்வது கேட்டது, சிரிப்பும் கேட்டது. யாரோ சாயா போட்டுக் கொண்டுவந்திருக்க வேண்டும், கிளாஸ் மோதும் சத்தம். ஞானசிகாமணியின் குரலும் நடுவில் கேட்டது, அவனுக்கும் கொடுத்திருக்கிறார்கள், குடிக்கிறான், துரோகி. அவனுக்கு ஊர் இங்கே பக்கத்தில்தான், அவர்கள் பேச்சு அவனுக்கு ஒத்துப்போய்விட்டது. அவளுக்குத் தாகமாக இருந்தது. கேட்கக் கூடாது என்று இருந்தாள். கேட்டால் கொடுப்பார்கள், கொடுத்தால் அந்தத் தண்ணீர் தொண்டையில் இறங்கும்போது ஏதோ ஒன்றை விட்டுக்கொடுத்த மாதிரி ஆகிவிடும். எதை. ஒரு வார்த்தையை. திருப்திகரம். யாருக்குத் திருப்தி என்று ஒருத்தர்கூட இத்தனை வருஷத்தில் கேட்டதில்லையே, எவ்வளவு வசதியான வார்த்தை, அதற்குள் ஆளே கிடையாது. சுவர் நிற்கிறதா, நிற்கிறது, திருப்திகரம். கல் நகர்ந்ததா, நகரவில்லை, திருப்திகரம். அவளிடம் கேட்கப்பட்டது அதுதான், சுவரைப் பற்றித்தான், சுவருக்கு இந்தப் பக்கம் இருப்பதைப் பற்றி யாரும் கேட்கவில்லை, கேட்காததற்குப் பதில் சொல்வது அதிகப்பிரசங்கித்தனம். சுவருக்கு இந்தப் பக்கம். இப்போது அவளே சுவருக்கு இந்தப் பக்கம்தான் இருக்கிறாள். அந்த எண்ணம் வந்ததும் சிரிப்பு வரப் பார்த்தது, சிரிப்பதற்குள் அந்த இரைச்சல் ஆரம்பித்தது, லாரி மணல் கொட்டியது, கொட்டிக்கொண்டே இருந்தது, நிற்கவில்லை, இது வேறே, இது பெரியது என்று அவள் உடம்புக்கு முதலில் தெரிந்தது, மௌனம் வந்தது, மௌனம் நீண்டது, எதிரே அமலோற்பவம் தொங்கப்போட்டிருந்த கால்களை மெதுவாக மேலே தூக்கிக் கட்டிலில் மடக்கி வைத்துக்கொண்டாள்.

குத்து கேட்கவில்லை. சுவரில் மோதாமல் அதன் தலைக்கு மேலேயே வந்துவிட்டது. கூரையின் மேல் கல்மாரி பெய்ததுபோல ஓர் ஓசை, தகரம் வயிறு உப்பி உள்பக்கம் வளைந்தது, மூட்டை ஒன்று உருண்டது, பக்கவாட்டில் இருந்து தண்ணீர் வந்தது, வெள்ளை நுரையும் மண்ணும் தேங்காய் மட்டையும் ஒரு பிளாஸ்டிக் செருப்பும் எல்லாமாகத் தரையில் பரவி நாற்காலியின் காலைச் சுற்றிக்கொண்டன. குளிர்ந்திருக்கும் என்று நினைத்தாள், வெதுவெதுப்பாக இருந்தது, அதுதான் அருவருப்பாக இருந்தது, ஏதோ உயிருள்ள ஒன்று கணுக்காலை நக்கின மாதிரி. எழுந்துவிட்டாள். எழுந்து கதவை நோக்கிப் போகவேண்டியவள், கதவைத் தட்டித் திறங்கடி என்று கத்த வேண்டியவள், நின்ற இடத்திலேயே நின்றாள். தண்ணீர் திரும்பிப் போகும்போது காலடியில் தரையையே உருவிக்கொண்டு போவதுபோல இருந்தது. சிமெண்ட் தரைதான், எங்கேயும் போகவில்லை. இருந்தும் போய்க்கொண்டே இருந்தது.

"மேல ஏறுங்க" என்றாள் அமலோற்பவம். "அடுத்தது வரும். மூணு நாலு சேந்துதான் வரும் அது."

கட்டிலில் ஏறி உட்கார்ந்தாள். அந்த அம்மாள் இடம்விட நகரவில்லை, இடமும் இல்லை, தோளோடு தோள் ஒட்டிக்கொண்டது, அவள் உடம்பின் சூடு, தேங்காயெண்ணெயும் உப்பும் கலந்த வாடை. இதே வாடையைத்தான் காலையில் முகம் சுளித்துத் தள்ளி நின்று தவிர்த்தோம் என்று நினைத்தாள். இரண்டாவது வந்தது, மூன்றாவது வந்தது. ஒவ்வொன்று வரும்போதும் அந்த அம்மாளின் முழங்கை அவள் விலாவில் அழுந்தியது, அது வேண்டுமென்றே செய்வதல்ல, அவளுக்கும் நடுங்குகிறது என்று தெரிய நேரம் பிடித்தது. அடுக்களை போன நாளிலிருந்து இந்த உடம்பு தினமும் இப்படி நடுங்கியிருக்கும். அந்த நினைப்பில் இரக்கம் வந்திருக்க வேண்டும், வரவில்லை, வந்தது கோபம், ஏன் இன்னும் இங்கே கிடக்கிறாய், எழுந்து போயேன், யார் பிடித்து வைத்தார்கள், அந்தக் கோபத்தை வாய்விட்டுச் சொல்லிவிடுவோமோ என்று பயந்தாள், அலையைவிட அதற்குத்தான் பயந்தாள்.

இரைச்சல் பழையபடி சாதாரண இரைச்சலாக ஆனபிறகு அமலோற்பவம் தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்: "இஞ்ச நீங்களும் நானும்தான். வேற ஆரும் இல்ல. சும்மா சொல்லுங்க. இந்த வீடு நிக்குமா?"

சுவரைப் பற்றிக் கேட்டிருந்தால் வார்த்தை ஓடிவந்திருக்கும். வீடு என்றதும் நாக்கு வெறுமையாக இருந்தது. பாதிப்பு, வாய்ப்பு, பரிசீலனை என்று ஒவ்வொன்றாக எட்டிப் பார்த்தன, ஒவ்வொன்றையும் துப்பினாள்.

"சுவர் நிக்கும்" என்றாள். "வீடு நிக்காது."

"எங்க வீடு மட்டுமா?"

"இந்தத் தெரு."

அந்த அம்மாள் ஜெபமாலையை எடுத்துச் சட்டைக்குள் போட்டுக்கொண்டாள். அழுவாள் என்று வைஜெயந்தி நினைத்தாள், அழுதால் என்ன செய்வது, கையை என்ன செய்வது என்று குழம்பினாள். அவள் அழவில்லை. "எனக்குத் தெரியும்" என்றாள். "அடுக்களை போன அண்ணைக்கே தெரியும். ஒருத்தரும் வாயால சொல்லாண்டாம்னுதான் இருந்தேன்." பிறகு மிகவும் தணிந்த குரலில், ஒருத்தி இன்னொருத்தியிடம் வேண்டிக்கொள்கிற குரலில் சொன்னாள்: "வெளிய நிக்கிறவளுவகிட்ட இதச் சொல்லாதீங்க மேடம். பிள்ளைகளப் பக்கத்துல போட்டுட்டு ராத்திரி உறங்கணும்லா அவளுவ."

அமலோற்பவமே எழுந்து ஈரத்தில் நடந்துபோய்க் கதவை உள்ளேயிருந்து தட்டினாள். திறந்தார்கள். வெளிச்சம் கண்ணைக் குத்தியது. பெண்கள் வைஜெயந்தியின் முழங்கால்வரை நனைந்த சேலையைப் பார்த்தார்கள், ஒன்றிரண்டு பேருக்குச் சிரிப்பு வந்தது, சிரிக்காமல் அடக்கினார்கள். ஷைனி, "என்ன சொன்னாவ?" என்று கேட்டாள், வைஜெயந்தியிடம் இல்லை, அமலோற்பவத்திடம். அமலோற்பவம், "நனைஞ்சுட்டா. நல்லா எழுதுகேன்னு சொல்லியிருக்கா. சாவியக் குடு, அவ போவட்டு" என்றாள். அவ்வளவு இயல்பாகப் பொய் சொன்னாள். கூட்டம் கொஞ்சம் தளர்ந்தது, தோள்கள் இறங்கின, ஷைனிகூட, வெற்றி வந்துவிட்ட முகத்தோடு, துண்டின் முடிச்சிலிருந்து சாவியை அவிழ்த்து நீட்டினாள். சாவி சூடாக இருந்தது. ஜீப் பத்தடியில் நின்றது, ஞானசிகாமணி கதவைத் திறந்துவிட்டான். போகலாம். போய் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்ளலாம். அந்த அம்மாளே கேட்டுக்கொண்டாள், அவள் ஊர், அவள் சனம், அவளுக்குத் தெரியாதா எது சொல்லணும் எது சொல்லக் கூடாது என்று, அவள் சொல்கிறபடி நடப்பதுதான் மரியாதை, மரியாதையும் ஆச்சு, தப்பிப்பும் ஆச்சு, இரண்டும் ஒரே வழியில் கிடைப்பது எவ்வளவு அபூர்வம். ராத்திரி உறங்கணும்லா. உறங்கும்போது வந்தால்? அந்த நினைப்பில்தான் கால் நின்றது, எவ்வளவு தள்ளியும் நகரவில்லை. ஓரமாக ஒருத்தி இடுப்பில் குழந்தையை வைத்துக்கொண்டு அதன் வாயில் ரொட்டியைத் திணித்துக்கொண்டிருந்தாள், குழந்தை வைஜெயந்தியின் கையிலிருந்த சாவியையே பார்த்துக்கொண்டிருந்தது.

"அவங்க சொன்னது உண்மை இல்லை" என்று தன் குரல் சொல்வதைக் கேட்டாள். "நான் அப்படிச் சொல்லலை. இந்தத் தெரு நிக்காது. இந்த வருஷம் தப்பிச்சாலும் அடுத்த வருஷம் கடல் ஏறும்போது தாங்காது. ராத்திரி இங்க படுக்காதீங்க. பிள்ளைங்களைப் படுக்க வைக்காதீங்க."

அடிப்பார்கள் என்று தோளைச் சுருக்கிக்கொண்டு நின்றாள். ஒருத்தியும் கையை ஓங்கவில்லை. ஒருத்தியும் கூச்சல் போடவில்லை. அவளுக்குப் பின்னால் வாசல்படியில் நின்ற அமலோற்பவம்தான் பேசினாள். "போயிரு" என்றாள். மேடம் என்பது போய்விட்டது, மரியாதை போய்விட்டது. வைஜெயந்தி திரும்பிப் பார்த்தாள். காலையிலிருந்து எத்தனையோ முகங்கள் அவளை வெறுத்திருந்தன, அதெல்லாம் ஜீப்பின் மேல் இருந்த வெறுப்பு, ஜீப்பில் எழுதியிருந்த எழுத்தின் மேல் இருந்த வெறுப்பு. இந்த முகம் அவளை மட்டும் பார்த்தது, வைஜெயந்தி என்கிற ஒருத்தியை, கட்டிலில் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்திருந்தவளை. "எறங்கிப் போயிரு இஞ்சேருந்து."

யாரும் வழிவிடவில்லை. உடம்பைப் பக்கவாட்டில் திருப்பி ஒவ்வொருத்தியாக உரசிக்கொண்டு ஜீப்புக்குப் போகவேண்டியிருந்தது. ஏறி உட்கார்ந்து கதவை இழுத்தபோது ஒரு கை அதைப் பிடித்துக்கொண்டது. ஷைனி. அவள் கண்ணில் கொஞ்ச நேரத்துக்கு முன்பு இருந்த கேலி போய், தூக்கத்திலிருந்து எழுப்பிவிட்ட பிள்ளையின் முகம் மாதிரி இருந்தது.

"அப்ப நாங்க எங்க போறது?"

அதற்குப் பதில் இருந்தது. வரைபடத்தில் பார்த்திருக்கிறாள், இடம்கூட ஒதுக்கியிருக்கிறார்கள், மேட்டில், நல்ல தண்ணீர் கிடைக்கிற இடத்தில்.

"மலைப்பக்கம் இடம் தருவாங்க. ரப்பர் தோட்டத்துக்குப் பக்கத்துல. வீடு கட்டிக் குடுப்பாங்க."

"அங்க கடலு உண்டா?"

"இல்லை."

ஷைனி திரும்பி மற்றவர்களிடம், "ரப்பர் தோட்டத்துல கடலு இல்லியாம்டீ" என்றாள். முதலில் ஒருத்தி சிரித்தாள். அப்புறம் இன்னொருத்தி. அப்புறம் வாயைப் பொத்திக்கொண்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, குழந்தையைத் தோளில் மாற்றிக்கொண்டு எல்லோரும் சிரித்தார்கள், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள். ஞானசிகாமணி வண்டியைக் கிளப்பினான். கோவிலைத் தாண்டி, பந்தல் போட்டிருந்த அகலமான மணலைத் தாண்டி, பெரிய சாலைக்கு ஏறுகிற வரைக்கும் அவளுக்குக் கடலின் சத்தம் கேட்கவில்லை, அந்தச் சிரிப்புதான் கேட்டுக்கொண்டிருந்தது.